பத்து எண்கள்

மேலூர் தாண்டி, கருங்காலக்குடிக்கு முன்னால்
நான்கு வழிச்சாலை லேசாக இடுப்பை ஒடிக்கும் இடத்தில்
எங்கள் ஊர் விலக்கு.
பெயர்ப்பலகையில் லாரி மோதி
ஊரின் முதல் எழுத்து விழுந்துவிட்டது.
யாரும் எடுத்து ஒட்டவில்லை.

சிக்கந்தருக்குப் பஞ்சர் கடை.
ஏழைகாத்தாளுக்கு டீக்கடை, சாயங்காலம் பருத்திப்பால்.
அய்யாவு கல் குவாரியில் இருந்தவன்,
குவாரியைப் பூட்டியபின் கிடைத்த வேலைக்குப் போகிறவன்.
எனக்குச் சாலையோரம் ஒரு ஏக்கர்,
பெரியாறு கால்வாயின் கடைமடை.

எனக்கும் அய்யாவுக்கும் பேச்சு கிடையாது.
தேர்வடத்தை யார் தொடலாம் என்று
ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது.
தேர் அப்புறம் ஓடவில்லை.
தகரக் கொட்டகைக்குள் நின்று
புறாக்களுக்கு வீடாகிவிட்டது.

ஆனால் பிரேக் கிறீச்சிட்டு
அதன்பின் சத்தமே இல்லாத ஒரு நொடி வருமே,
அதில் நாலு பேரும் ஓடுவோம்.
கடைக்குப் பின்னால் கொடியில் எப்போதும் தொங்கும்
ஏழைகாத்தாளின் பழைய நூல்சேலை.
நாலு முனை, நாலு பேர்.
“தலை ஆடாம.”
“இடுப்புக்குக் கீழ கை குடு.”
“ம்... இப்போ.”
பதினொரு வருடத்தில் நானும் அய்யாவும்
பேசிக்கொண்டது மொத்தமும் இவ்வளவுதான்.

நூற்றெட்டு வர இருபது நிமிடம்.
அதுவரை வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நிற்போம்,
வேறு நிழல் அங்கே இல்லை.
ஏழைகாத்தாள் செருப்புகளைத் தேடி ஜோடி சேர்ப்பாள்,
ஒற்றைச் செருப்பு அவளுக்கு ஆகாது.
சிக்கந்தர், பூட்டிய செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு
அது தானாக அடிக்கக் காத்திருப்பான்.
“மூச்சு இருக்கும்மா, வாங்க” என்பான்.
மூச்சு இல்லாத ஒருவருக்கும் அப்படிச் சொல்லிவிட்டு
டயர்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதான் ஒருநாள்.

நான் ஏன் ஓடுகிறேன் என்று யாரும் கேட்டதில்லை.
தெரியும் அவர்களுக்கு.

ஒன்பது வருடம் முந்தி, போகிக்கு மறுநாள் அதிகாலை
பாதிச் சாலையில் என் நெல் காய்ந்தது.
ஓரத்துக்குக் கல் வைத்திருந்தேன், வைத்தேன் என்றுதான் நினைவு.
பின்சீட்டில் கரும்புக்கட்டோடு
பொங்கலுக்கு வீடு போகிற பையன்
என் நெல்லில் வழுக்கினான்.
என் மடியில் தலை.
ஒரு எண் சொன்னான்.
வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல், பத்தையும், மாறாமல்.
அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

போலீஸ் வந்தபோது சாலையில் நெல் இல்லை.
அய்யாவு வாரியிருந்தான்.
இரண்டு மூட்டை மறுநாள் என் வாசலில்,
வாய் தைத்து.
ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உறவும் இல்லை.
அந்த நெல்லைக் குத்தவும் மனசில்லை, விதைக்கவும் மனசில்லை.
தேர்க்கொட்டகைப் புறாக்கள் தின்றன, நாலு மாதம்.

வருடா வருடம் அந்த நாளில்
அந்த எண்ணைக் கூப்பிடுவேன்.
“யாரு?” என்பார் அந்த அம்மா.
“மேலூர் பக்கம்.”
அதற்குமேல் கேட்கமாட்டார்.
“சாப்டீங்களா” என்பார்,
நான் சொல்லாத நெல்லைப் பற்றித் தெரியாமல்,
அல்லது தெரிந்து.

இந்த வருடம்
அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல்.
இரண்டு மொழியில் சொன்னது. இரண்டையும் கேட்டேன்.
பத்து எண்ணும் வாயில் இருக்கிறது.
எங்கே கொண்டுபோய்ச் சொல்ல?

அறுத்த நெல்லோடு டிராக்டர் நிற்க,
கொட்ட இடம் தேடிக் குவாரிப்பக்கம் போனேன்.
லாரிகள் ஏறி நின்ற எடைமேடை.
பத்து வருடத்துக் கல்தூசி.
அய்யாவு பெருக்கிக்கொண்டிருந்தான்.
பாதி முடித்திருந்தான், அப்படியென்றால்
விடியுமுன்னே வந்திருக்கிறான்.

தார்ப்பாயின் இரண்டு முனையை என் பக்கம் எறிந்தான்.
“ம்...” என்றான்.

மீதியை நான் சொன்னேன்.